மலையடிவாரத்துப் பல்லக்கு

அன்புள்ள மகன் ஆதவனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். அவளிடம் மட்டும்தான் நீ கதைக்கிறாய் என்பதால் உன் சுகத்தை நான் அவள் வழியாகவே அறிந்துகொள்கிறேன். விட்பியில் முதல் பனி கொட்டிவிட்டதாம், உன் புது வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயைத் திருத்திவிட்டாயாம், ஜெனிற்றாவின் கூறைச் சேலை வந்து சேர்ந்துவிட்டதாம். நான் பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா போனை என் பக்கம் நீட்டும்போது, "அப்பாவோட பிறகு கதைக்கிறன்" என்று நீ சொல்வதும் கேட்கிறது. அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இரண்டு கிழமை ஆகிவிட்டது.

ஆகையால் எழுதுகிறேன். போனில் என்றால் நான் பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன், நீயும் என் பிள்ளைதானே, நீயும் வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி இல்லை. நீ சனிக்கிழமைகளில் முனகி முனகிப் போய்ப் படித்த தமிழ் இதற்குப் போதும். விளங்காத இடத்தில் ஜெனிற்றாவைக் கேள், அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள். அவளும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவளுடைய அப்பா அம்மா வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மறைத்துச் செய்த ஒரு காரியத்தால்தான் இவ்வளவு வினையும் வந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தைக் கலியாணத்துக்கு மண்டபத்தில் நீங்கள் இரண்டு பேரும் இருக்கும் இடத்துக்குப் பின்னால் நான் மலை கீறிய பழைய துணியை, என்னுடைய சீனை, கட்ட வேண்டும் என்று நீ கேட்டாய். நான், "அதை எலி அரிச்சிட்டுது தம்பி, எறிஞ்சுபோட்டன்" என்றேன். நீ நம்பினாய். மூன்று நாள் கழித்துப் பனி டயர்களை எடுத்துப் போக வந்தாய். கராஜில், டயர்களுக்குப் பின்னால், நீலத் தறப்பாளில் சுற்றி நான்கு இடத்தில் கயிறு போட்டு, சீன் சுவரோடு சாய்ந்து நின்றது. மேல் கயிற்றை நீ அவிழ்த்துப் பார்த்திருக்கிறாய். திரும்பக் கட்டிய முடிச்சு என்னுடைய முடிச்சு இல்லை. எலியின் பல் பட்ட ஒரு இடம்கூட அதில் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் டயர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டாய்.

நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இந்தக் கலியாணத்தில் இன்னும் விருப்பமில்லை, அதனால்தான் ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கட்டிய சீனைத் தன் பிள்ளைக்கு மட்டும் ஒளிக்கிறார் என்று நினைத்தாய். அப்படி நினைக்க உனக்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைத் தந்தவனும் நான்தான். ஜெனிற்றாவைப் பற்றி நீ முதலில் சொன்ன அன்று, அவர்கள் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர் என்று கேட்டதும் நான் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. "ஏன், எங்கட பக்கத்தில ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" பிறகு ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அது பிழை மகன். பிழை என்று அப்போதே தெரியும். ஆனால் ஒரு மாதம் கோபமாக இருந்தவன் அதை விட்டுவிடுவதற்கு ஒரு நல்ல சாட்டு வேண்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சாட்டை ஜெனிற்றாவே தந்தாள். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, கராஜில் கிடந்த என் தூரிகைகளைப் பார்த்துவிட்டு, "அங்கிள், வானத்துக்கு முதல் எந்தக் கலர் பூசுவீங்கள்?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. அரை மணித்தியாலம் நின்று விளக்கம் சொன்னேன். அம்மா வந்து சோறு ஆறுகிறது என்று இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்றோடு என் எதிர்ப்பு முடிந்துபோனது. அதை உனக்கு வாய் திறந்து சொல்லவில்லை என்பதுதான் என் இரண்டாவது பிழை.

சீனின் கதை உனக்குத் தெரியும், ஜெனிற்றாவுக்குத் தெரியாது. மணவறைக்குப் பின்னால் தொங்கவிடும் வர்ணத் துணியை, நாடக மேடைப் பழக்கத்தில், நாங்கள் சீன் என்றுதான் சொல்வோம். நாங்கள் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் எங்கள் சனத்தின் கலியாணங்கள் பள்ளிக்கூட மண்டபங்களில் நடந்தன. மணமக்கள் மணவறையில் இருப்பார்கள், அவர்களின் தலைக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும். வீடியோவில் பார்த்தால் ஐயர் பந்து எறியப் போகிறார் போல இருக்கும். மணவறை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பாலா அண்ணை ஒருநாள் என்னைப் பிடித்து, "நீ ஊரில நாடகத்துக்குப் படம் கீறினனீ தானே, உந்த வளையத்தை மறைக்க ஒண்டு கீறித் தா" என்றார். நான் அப்போது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு கலண்டர், மாதத்துக்கு ஒரு படம். அதில் ஒரு மாதத்துப் படத்தில் வானத்தை முட்டும் ஒரு மலை, அதன் மடியில் அருவி, கீழே ஒரு பாதை. மாதம் முடிந்ததும் அந்தத் தாளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கினேன். யார் கீறியது என்று அடியில் போட்டிருந்தது. நான் பெயரைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தேன்.

அம்மா ஆறு படுக்கை விரிப்புகளை மெஷினில் தைத்து ஒன்றாக்கித் தந்தாள். கலண்டர்ப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெருப்பித்தேன். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கராஜில் பாதித் துணியைத்தான் விரிக்கலாம். இடப்பக்கத்தைப் புரட்டாதியில் கீறி முடிக்கவே குளிர் வந்துவிட்டது, வர்ணம் காயவில்லை. சுருட்டி வைத்துவிட்டு வலப்பக்கத்தை அடுத்த வைகாசியில் கீறினேன். அதற்குள் நான் கலந்த நிறம் எனக்கே மறந்துபோனது. விரித்துப் பார்த்தால் ஒரே மலையில் இடப்பக்கம் பின்னேரம், வலப்பக்கம் விடிய. நல்லகாலம், நடுவில் மணவறை நின்று அதை மறைத்தது. இத்தனை கலியாணத்திலும் ஒரே ஒரு மாப்பிள்ளையின் மாமா மட்டும் அதைக் கண்டுபிடித்தார். அவரும் மண்டபத்து வெளிச்சத்தில்தான் பிழை என்று நினைத்து லைற்காரனோடு சண்டைக்குப் போனார்.

பாதையில்தான் விஷயம் இருக்கிறது. கலண்டரில் பாதையின் ஓரத்தில் கடுகு அளவில் சில கறுப்புப் புள்ளிகள் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலு பேர் எதையோ தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முன்னால் ஒருவன் நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு நடக்கிறான். பின்னால் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு வருகிறாள். கலியாணத்துக்குச் சீன் கீறுகிற மனிதனுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? தோளில் இருந்ததைப் பல்லக்கு ஆக்கினேன், சிவப்புப் பட்டுத் திரை போட்டேன். முன்னால் போனவன் கையில் நாதசுரம் கொடுத்தேன். பின்னால் வந்தவளை வெட்கப்படுகிற தோழி என்று நினைத்து மஞ்சள் சேலை உடுத்திவிட்டேன். நிலமெல்லாம் பனியாக இருந்தது. பனிக்குள் யார் கலியாணம் செய்வார்கள் என்று அதையும் பச்சைப் புல்லாக மாற்றினேன். நீ தை மாதத்தில் நாள் வைத்திருக்கிறாய், அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

உனக்கு ஏழு வயதிருக்கும். சீன் கட்டப் போகும் இடமெல்லாம் கூட வருவாய், கயிற்றின் மற்ற முனையைப் பிடிப்பாய். ஒருநாள், "அப்பா, உதுக்குள்ள ஆர் இருக்கினம்?" என்று பல்லக்கைக் காட்டிக் கேட்டாய். "கலியாணப் பொம்பிளை" என்றேன். அடுத்த கிழமை, ஒரு பெரிய கலியாணத்துக்கு முதல் நாள், சீனை விரித்துத் தூசி தட்டும்போது பார்க்கிறேன், பல்லக்கின் சிவப்புத் திரையில், அழியாத கறுப்பு மாக்கரால், இரண்டு வட்டக் கண்ணும் ஒரு வளைந்த வாயும். நான் உன்னை அடித்தேன். ஒன்றல்ல. நீ அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அவ வெளிய பாக்க வேண்டாமோ அப்பா?" என்று மட்டும் கேட்டாய். நான் சிவப்பை எடுத்துத் தடிப்பாகப் பூசி அந்த முகத்தை மறைத்துவிட்டு, கலியாணத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். அந்தக் கேள்வி நல்ல கேள்வி என்று எனக்கு அன்றே தெரியும். நல்ல கேள்வி கேட்கிற பிள்ளையை அடிக்கிற தகப்பன்மார் நிறையப் பேர் இருக்கிறோம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது உன் சுவரிலோ காரிலோ கீறினால், கையை ஓங்க முன்னம் ஒரு நிமிடம் என்ன கீறியிருக்கிறது என்று பார். எனக்காக இதைச் செய்.

பிறகு எங்கள் சனம் நல்ல மண்டபங்களுக்குப் போனது, பூச்சுவரும் மின்விளக்குத் திரையும் வந்தன, நான் சீனைச் சுருட்டி வைத்தேன். அதில் எனக்குக் கவலை இல்லை. ஏணியில் ஏறி இறங்கிய முதுகு தப்பியது, சனி ஞாயிறு வீட்டில் நிற்கலாம் என்று ஆயிற்று. நீ அதைத் திரும்ப வேண்டும் என்று கேட்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது நான் பொய் சொன்ன காரணத்துக்கு, நூதனசாலைக்குப் படம் பார்க்கப் போன கதைக்கு வருகிறேன். என் பிறந்தநாளுக்கு ஜெனிற்றா இரண்டு டிக்கெட் தந்தாள். "மலை கீறுற ஒராளின்ர பெரிய கண்காட்சி அங்கிள், இருநூறு வருசத்துக்கு முந்தின ஆள். அவர் வாழ்நாள் முழுக்கக் கீறினது எல்லாத்தையும் எங்கெங்கேயோ இருந்து கொண்டுவந்து வைச்சிருக்கினம். நீங்களும் மலை கீறினனீங்கள்தானே?" அந்த "நீங்களும்" எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. நானும் அம்மாவும் சப்வேயில் போனோம். அம்மா பசித்தால் தின்னக் கைப்பையில் மீன் பணிஸ் வைத்திருந்தாள், வாசலில் அதைப் பறித்து வைத்துக்கொண்டு நம்பர் போட்ட துண்டு தந்தார்கள்.

அந்த மனிதரின் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு வளையாது. ஐரோப்பாவில் எங்கோ குளிர் ஊர்க்காரர். ஆனால் அவருக்கு வானம் தெரியும் மகன். முதல் அறையிலேயே நான் அம்மாவை மறந்துபோனேன். ஒரு மேகத்தை அவர் எப்படிக் கீறியிருக்கிறார் என்று பார்க்கக் கிட்டப் போனேன், காவலுக்கு நின்ற பெடியன், "சேர், கொஞ்சம் பின்னுக்கு" என்றான். பின்னுக்குப் போனால் மேகம் முழுதாக வந்து நின்றது, முன்னுக்குப் போனால் மஞ்சள் தீற்றலும் சாம்பல் தீற்றலும்தான். நான் முன்னும் பின்னுமாக நடந்ததில் அந்தப் பெடியனுக்குக் களைத்துவிட்டது. அம்மாவுக்குப் படங்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "உந்த மனிசனுக்கு ஆக்களைப் பெரிசாக் கீறத் தெரியாதோ? எல்லாரும் எறும்பு மாதிரி நிக்கினம்" என்றாள். மலையைப் பெரிதாகக் காட்டத்தான் ஆட்களைச் சிறிதாகக் கீறுவது என்று விளக்கினேன். கால் நோகிறது என்று இரண்டாவது அறை வாங்கிலில் இருந்துகொண்டாள். நான் மட்டும் மூன்றாவது அறைக்குள் போனேன்.

என்னுடைய மலை அங்கே நின்றது. சுவர் முழுவதும். அதே அருவி, அதே உடைந்த முகடு, அதே பாதை. "இது என்ர படம்!" என்று சத்தமாகத் தமிழில் சொல்லிவிட்டேன், நாலைந்து வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசம் எனக்குச் சில தடவைதான் வந்திருக்கிறது. நீ பிறந்தபோது வந்தது, எங்களுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்த கடிதம் வந்தபோது வந்தது. கலண்டரில் இரண்டு உள்ளங்கை அளவு இருந்ததை நான் இவ்வளவு காலமும் முழுப்படம் என்று நினைத்திருக்கிறேனே என்று வியந்தபடி, என் பல்லக்கைத் தேடிக் கீழே குனிந்தேன்.

அது பல்லக்கு இல்லை. அந்தப் பெரிய படத்தில் ஆட்கள் விரல் அளவு இருந்தார்கள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நாலு பேரும் தொப்பி இல்லாமல் தலை குனிந்து நடக்கிறார்கள். தோளில் இருப்பது கறுத்த துணி போர்த்த சவப்பெட்டி. முன்னால் போகிறவர் சாமியார், கையில் இருப்பது நீண்ட சிலுவை. பின்னால் முகத்தை மூடிக்கொண்டு வருகிற பெண் வெட்கப்படவில்லை, அழுகிறாள். பாதையின் முடிவில், பனிக்குள், புதிதாக வெட்டிய குழி. பக்கத்தில் இருந்த அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மலையடிவாரத்தில் ஓர் அடக்கம் என்று போட்டிருந்தது.

மகன், நான் யார் என்று உனக்குத் தெரியும். ராகுகாலம் பார்க்கிற அம்மாவை வாழ்நாள் முழுவதும் நக்கலடித்தவன். பூனை குறுக்கே போனால் பூனைக்குத்தான் சகுனம் சரியில்லை என்று சொல்கிறவன். அப்படிப்பட்டவன் அந்த இடத்தில் சகுனத்துக்குப் பயந்தேன். எத்தனை பிள்ளைகளை ஒரு செத்த வீட்டுக்கு முன்னால் இருத்தித் தாலி கட்ட வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். நாதசுரம் கொடுத்தேனே, மஞ்சள் சேலை உடுத்தினேனே, அந்த விதவையை அலங்கரித்துவிட்டேனே என்று நினைத்தேன். அம்மாவிடம் வந்து, "காணும், எழும்பு" என்று மட்டும் சொன்னேன். மீன் பணிஸைத் திரும்ப வாங்கக்கூட மறந்துவிட்டோம்.

அன்று பின்னேரம் ஜெனிற்றா போன் எடுத்து, "எப்பிடி இருந்தது அங்கிள்?" என்று ஆசையாகக் கேட்டாள். "நல்லது" என்றேன். ஒரே சொல். அந்தப் பிள்ளை தன் பரிசு எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கும். அதற்கு அடுத்த கிழமைதான் நீ வந்து சீனைக் கேட்டாய். நான் என்ன செய்வேன்? பாலா அண்ணையின் மகள் புருசனைப் பிரிந்து போனது ஞாபகம் வந்தது, ஒஷாவாவில் இருக்கிற ஒரு பெடியன் இரண்டாம் வருடமே விவாகரத்து வழக்குக்குப் போனது ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் என் சீனுக்கு முன்னால் இருந்தவர்கள். என் பிள்ளையை அங்கே இருத்த மாட்டேன் என்று முடிவெடுத்தேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எலியைக் கூப்பிட்டேன்.

நீ டயரோடு போன பிறகு அம்மா என்னைப் பிடித்தாள். "ஏன் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயப்படுவாள், ஐயரைக் கூப்பிட்டு ஏதாவது செய்யச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்தாள். கதிரையில் இருந்து சிரித்து, கண்ணைத் துடைத்து, பிறகும் சிரித்தாள். "விதவைக்கு மஞ்சள் சீலை! நல்லாத்தான் கிடக்கு" என்றாள். பிறகு, "எங்கட கலியாணத்தண்டு என்ன நடந்தது? மறந்து போனியளோ?" என்று கேட்டாள்.

மறந்துதான் போயிருந்தேன். உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. அன்று மத்தியானத்துக்குப் பிறகு ஊரடங்கு. அதற்கு முன்னம் தாலி கட்டியாக வேண்டும். விடிய எழும்பினால் அம்மா வீட்டு ஒழுங்கைக்கு எதிர் வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார், வயது போய், நோயில் கிடந்து. அவரையும் ஊரடங்குக்கு முன்னம் எடுத்தாக வேண்டும். ஒரு வாசலில் வாழைமரமும் மற்ற வாசலில் பறைமேளமும். எங்கள் நாதசுரக்காரர் குழலை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார், வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல். உன் அம்மப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். அங்கே செத்தவரின் மூத்த மகன் வெளியே வந்து சொன்னாராம், "நீங்கள் முதல் தாலியைக் கட்டுங்கோ. மேளத்தை நிப்பாட்டுறம். அப்பா கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருப்பார்." அவர்கள் பறையை நிறுத்தினார்கள், நாங்கள் தாலி கட்டினோம். பிறகு எங்கள் நாதசுரம் நின்றது, அவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். நானும் மாலையோடு வாசல் படலையடிக்கு வந்து தலை குனிந்து நின்றேன். பின்னால் கூறைச் சேலையோடு உன் அம்மா நின்றாள்.

"அந்தப் பெட்டி என்ர கூறைக்கு முன்னாலதான் போனது" என்றாள் அம்மா. "அவை வழிவிடாட்டி எனக்குக் கலியாணமே இல்லை. உங்களோட இவ்வளவு காலம் இருந்து சீரழிஞ்சதுக்கு அந்தக் கிழவன்தான் பொறுப்பு. நீங்கள் என்னெண்டால் கீறின பெட்டிக்குப் பயப்படுறியள்." சண்டையில் அவள் வென்ற நேரங்களில் நான் வழக்கமாகச் செய்வதுபோல எழும்பிக் கராஜுக்குப் போனேன். பிரிந்துபோன இருவரைப் பற்றியும் யோசித்தேன். பாலா அண்ணையின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த விதம் எல்லோருக்கும் தெரியும், ஒஷாவாப் பெடியனின் குடியும் எல்லோருக்கும் தெரியும். பாவம், மலை என்ன செய்யும்?

கலியாணம் கட்டப் போகிற உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பயம் வந்தால் ஜெனிற்றாவிடம் சொல். அது வெட்கக்கேடான பயமாக, சிரிப்பு வரக்கூடிய பயமாக இருந்தாலும் சொல். அவள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் ஒரு பயத்தை மறைக்க ஒரு பொய் சொன்னேன், அந்தப் பொய் போய் நான் நினைக்காத ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. நீ அதை என் வெறுப்பு என்று எடுத்தாய், அவள் தன் பரிசு பிழைத்துவிட்டது என்று எடுத்தாள். இரண்டு நல்ல பிள்ளைகள் இரண்டு கிழமை மனவருத்தப்பட்டது என்னால். என்னை மன்னித்துக்கொள். அப்பாமார் இந்தச் சொல்லை அடிக்கடி எழுதுவதில்லை, எழுதும்போது பார்த்து வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சீனை வெளியே எடுத்தேன். முழுவதும் விரிக்கக் கராஜில் இடம் இல்லை. வெளிப்புறத்தில் சுருண்டிருப்பது வலப்பக்கம், பாதை இருக்கிற பக்கம், ஆகவே மூன்று பாகம் மட்டும் விரித்து, டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். நாலு பேரும் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே போகிறார்கள். நாதசுரக்காரன் முன்னால் போகிறான். பல்லக்கின் சிவப்புத் திரையில் ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

இரண்டு வட்டக் கண். ஒரு வளைந்த வாய்.

மாக்கர் மையை வர்ணத்தால் மறைக்க ஏலாதாம். இப்போது கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எத்தனை தடவை மேலே பூசினாலும் மெல்ல மெல்ல ஊறி மேலே வருமாம். நான் அன்று கோபத்தில் பூசிய தடித்த சிவப்புக்குள் இருந்து, இருபது வருடத்துக்கு மேலாக ஊறி, நீ கீறிய முகம் வெளியே வந்திருக்கிறது. கொஞ்சம் மங்கல்தான். ஆனால் சிரிக்கிறது. நான் கராஜுத் தரையில் இருந்து அழுதேன், அம்மாவுக்குச் சொல்லாதே, எனக்கு முழங்கால் நோவு என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பார்த்தாயா, இன்னும் ஒரு பொய். சரி, அதையும் சொல்லிவிடு.

அந்தப் பெரிய ஓவியர் தூக்கிக்கொண்டு போக வைத்தது சவப்பெட்டிதான், அதில் சந்தேகமில்லை. அதற்குள் இருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் சீனில் பார்க்கிறாள். அதை நான் செய்யவில்லை, எனக்கு அந்த யோசனை வரவும் இல்லை. ஏழு வயதில் நீ செய்தாய், அதற்கு அடியும் வாங்கினாய். இந்தச் சீன் செத்த வீடா கலியாண வீடா என்று இனி யாராவது கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது.

நான் இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்ட பிறகு உங்களுக்கு மனம் இல்லை என்றால் பூச்சுவர் வையுங்கள், நான் வந்து அதற்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுப்பேன். ஜெனிற்றாவின் அம்மாவுக்கும் சொல்லிக் கேள், சிலுவையைப் பிடுங்கி நாதசுரம் கொடுத்தவன் என்று அவர் கோபிக்காமல் இருந்தால் சரி. கண்காட்சி இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இந்த முறை நான் டிக்கெட் எடுக்கிறேன், ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு வா. அந்த மனிதர் வானத்துக்கு முதலில் எந்த நிறம் பூசியிருக்கிறார் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். நான் அவளுக்குச் சொன்னது பிழை, அவர் செய்ததுதான் சரி.

சீன் வேண்டும் என்றால் சனிக்கிழமை வா. ஓரம் ஒரு பக்கம் பிரிந்திருக்கிறது, அம்மா தைத்துத் தருவாள். முழுவதும் விரித்துப் பார்க்கத் தெருவில்தான் இடம் இருக்கிறது, ஒரு முனையை நான் பிடிப்பேன், மற்ற முனை வழக்கம்போல உன்னுடையது. மலையின் நிறத்தை நான் சரிசெய்யப் போவதில்லை, பின்னேரமும் விடியவும் அப்படியே இருக்கட்டும். மஞ்சள் சேலையையும் தொடமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் செய்திருக்கிறேன். அந்த இரண்டு கண்ணையும் சுற்றியிருந்த சிவப்பை மெல்லச் சுரண்டி, சின்னத் தூரிகையால் பல்லக்குத் திரையை ஒரு விரல் அளவு விலக்கிக் கீறிவிட்டேன்.

நீ அன்று கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் சொல்கிறேன். ஓம் தம்பி, அவ வெளிய பாக்கத்தான் வேணும்.

அன்புடன்,
அப்பா